மேட்டில் நிறுத்துவது

மருத்துவமனை மேட்டின் உச்சியில் இருக்கிறது. முட்டிக்குப் பயிற்சி தரும் பிரிவை அங்கே கொண்டுபோய் வைத்தது யார் யோசனை என்று தெரியவில்லை. அந்த மேட்டை நடந்து ஏற முடிந்தவர்களுக்கு அங்கே வேலை இல்லை. வேலை இருப்பவர்களால் ஏற முடியாது. அதனால் எல்லோரும் வண்டியில் வருகிறார்கள். கடைசி வளைவிலிருந்து வாசல் வரைக்கும் வண்டிகள் சரிவில் வரிசையாக நிற்கும்.

செவ்வாயும் வெள்ளியும் நான் என் மாமியாரை அங்கே அழைத்துப் போனேன். அலுவலகத்தில் அரை நாள் விடுப்பு எடுத்துக்கொள்வேன். மேலாளர் காரணம் கேட்கவில்லை. மனைவி இறந்தவனிடம் கொஞ்ச காலத்துக்கு யாரும் காரணம் கேட்பதில்லை.

வண்டி என் மனைவியுடையது. ஆட்டோமேட்டிக். கிளட்ச் கிடையாது, கியர் மாற்ற வேண்டியதில்லை. நான் கியர் வண்டி ஓட்டிப் பழகியவன். அவள் இருந்தவரை அந்த வண்டியை நான் ஓட்டியதில்லை. அவள் ஓட்டுவாள், நான் பக்கத்தில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டு வருவேன்.

அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தது இடது முட்டி அறுவைக்காக. அறுவை நல்லபடியாக முடிந்தது. அதன்பிறகு பயிற்சிக்கு மகள் அழைத்துப் போய் வந்துகொண்டிருந்தாள். ஒரு திங்கட்கிழமை, தலை வலிக்கிறது என்று அலுவலகத்தில் மேசையில் சாய்ந்தாள். மூளையில் ஒரு ரத்தக்குழாய். அவ்வளவுதான். எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப் போன பிறகு வீட்டில் அத்தையும் நானும் மிஞ்சினோம். அத்தையின் முட்டி பாதிதான் மடங்கியது. நடுவில் விட்டால் அப்படியே விறைத்துக்கொள்ளும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள்.

இருங்கள் என்று நான் சொல்லவில்லை. கிளம்புகிறேன் என்று அவர் சொல்லவில்லை. செவ்வாய்க்கிழமை வந்தது. போனோம்.

முதல் நாள் மேட்டு வரிசையில் பிரேக்கை மிதித்து நின்றேன். முன்வண்டி நகர்ந்ததும் காலை எடுத்து ஆக்ஸிலேட்டரில் வைத்தேன். அந்தச் சின்ன இடைவெளியில் வண்டி ஒரு சாண் பின்னால் இறங்கியது. அத்தை கதவுக்கு மேலே இருக்கும் பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டார். வாசல் வரை விடவில்லை. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன.

திரும்பி வரும்போது சொன்னார்.

"அவ இப்படிப் பண்ண மாட்டா மாப்பிள்ளை."

"எப்படி அத்தை?"

"அந்த மேட்டுல அவ பிரேக்கே போடமாட்டா. லேசா ஆக்ஸிலேட்டர மிதிச்சுட்டு அப்படியே நிப்பா. வண்டி முன்னாடியும் போகாது, பின்னாடியும் போகாது. சிலை மாதிரி நிக்கும்."

"சரி அத்தை."

அது தப்பு. எனக்குத் தெரியும். நான் லிஃப்ட் நிறுவனத்தில் பொறியாளர். எங்கள் தொழிலில் முதல் வாரம் சொல்லித் தருவது இதுதான்: தூக்குவது மோட்டார், நிறுத்திப் பிடிப்பது பிரேக். மோட்டாரை வைத்துப் பிடித்துக்கொண்டே நின்றால் மோட்டார் கருகும். வண்டியிலும் அதே கதைதான். ஆக்ஸிலேட்டரை மிதித்துச் சரிவில் நின்றால் எஞ்சின் தள்ளுவதெல்லாம் எங்கும் போகாமல் கியர்பெட்டிக்குள் சூடாகச் சேரும். சரியான வழி எளிதானது. பிரேக்கில் நிற்க வேண்டும். வரிசை நீளமென்றால் ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட வேண்டும். கிளம்பும்போது ஆக்ஸிலேட்டரை மிதித்து, வண்டி முன்னால் இழுக்கிறது என்று தெரிந்தபின் ஹேண்ட்பிரேக்கை விட வேண்டும். பின்னால் ஒரு விரல்கூட இறங்காது.

வெள்ளிக்கிழமை இதைச் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். மேடு வந்தது. அத்தையின் கை பிடியை நோக்கிப் போனது. நான் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்து நின்றேன். எஞ்சின் முனகியது. வண்டி நின்றது. அத்தை என் காலை எட்டிப் பார்த்தார். பிறகு கையை இறக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆங். இப்படித்தான்."

அதற்கப்புறம் இப்படியேதான்.

வீட்டில் எங்களுக்குள் பெரிய பேச்சு கிடையாது. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டேன். குளியலறை பல்பு போயிடுச்சு, மாத்திடறேன். அவர் ஓர் அறையில், நான் ஓர் அறையில். கூடத்தில் டிவி தனக்குத்தானே பேசிக்கொண்டிருக்கும். வரிசையில் நிற்கும்போதுதான் அத்தை பேசுவார். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை என்பதால் இருக்கலாம். இரண்டு பேரும் முன்வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம்.

"அவ கியர் வண்டியிலதான் மொதல்ல லைசென்ஸுக்குப் போனா. தெரியுமா உங்களுக்கு?"

"தெரியாது அத்தை."

"சொல்லமாட்டா. மானஸ்தி. டெஸ்ட்டுல மேட்டுல நிறுத்திட்டுக் கிளம்புன்னு சொல்லிருக்காங்க. வண்டி பின்னாடி உருண்டு அந்த ஆபீசர் ஸ்கூட்டரப் போய் முட்டிருச்சு. ஆபீசர் ஸ்கூட்டர் மாப்பிள்ளை! ஊர்ல வேற வண்டியே இல்ல பாருங்க."

அத்தை சிரித்தார். அவள் இறந்த பிறகு அவர் சிரித்துக் கேட்டது அதுதான் முதல் முறை.

"அன்னைலேருந்து பின்னாடி உருளறதுன்னா அவளுக்கு ஆகாது. அதுக்காகத்தான் இந்த வண்டி வாங்கினா. அப்பவும் நம்பிக்கை இல்ல. மிதிச்சுட்டே நிப்பா. பிரேக்குலேருந்து கால எடுத்தாத்தான பின்னாடி போகும், நான் பிரேக்கே போடலன்னா, அப்படிம்பா. வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்."

இத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன் நான். அவள் கால் என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்த்ததில்லை.

இதற்கிடையில் மருத்துவமனை வாசலில் இயந்திரம் வைத்தார்கள். முன்பெல்லாம் கேட்காரர் கையை ஆட்டுவார், வண்டிகள் போகும். இப்போது ஒவ்வொரு வண்டியும் நின்று, பொத்தானை அழுத்தி, சீட்டு எடுத்தால்தான் குறுக்குக் கம்பு தூக்கும். பாதிப் பேருக்குப் பொத்தான் எட்டாது. கதவைத் திறந்து இறங்கிப் போய் அழுத்திவிட்டு வருவார்கள். இயந்திரம் வந்தால் வேலை போய்விடும் என்று கேட்காரர் பயந்திருந்தாராம். இப்போது இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று எல்லோருக்கும் பொத்தானைக் காட்டிக்கொண்டிருக்கிறார். முன்னைவிட இரண்டு மடங்கு வேலை.

வரிசை நீண்டது. மேட்டில் நிற்கும் நேரமும் நீண்டது. அவள் காலத்தில் கண் மூடித் திறப்பதற்குள் நகர்ந்துவிடும் வரிசை. அவள் முறை தப்பென்று வண்டி காட்டிக்கொடுக்க நேரமே இருந்திருக்காது.

ஒரு வெள்ளிக்கிழமை வாடை வந்தது. அத்தை மூக்கைச் சுருக்கினார்.

"யாரோ எதையோ கருக்குறாங்க."

"ஆமா அத்தை."

அடுத்த செவ்வாய் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. மேலே சமதளத்துக்குப் போனதும் அணைந்துவிட்டது. அத்தை கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். அன்றே காலை பிரேக்குக்கு மாற்றியிருக்கலாம். மாற்றினால் ஏன் என்று கேட்பார். அவள் முறை தப்பு என்று சொல்ல வேண்டியிருக்கும். அவளிடம் இனிமேல் யாரும் எதையும் திருத்த முடியாது. அதைச் சொல்லி ஆகப்போவது என்ன? கியர்பெட்டியா பெரிது என்று விட்டுவிட்டேன்.

கியர்பெட்டி அப்படி நினைக்கவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை எங்களுக்கு முன்னால் ஒரு பெரியவர் சீட்டுக்காக இறங்கி இயந்திரத்தோடு தகராறு செய்துகொண்டிருந்தார். அத்தை ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். விளக்கு சிவப்பானது. கீச்சென்று ஒரு சத்தம். கால் மிதித்தபடியே இருக்க, எஞ்சின் வீணாகக் கத்தியது. வண்டி என் கால் சொல்வதைக் கேட்கவில்லை. பின்னால் உருண்டது. பிரேக்கை மிதித்தேன். கொஞ்சம் தாமதம். பின்னால் நின்ற சலவை வேனில் போய் இடித்தது.

பின்னால் சாய்ந்து முன்னால் எகிறியதில் அத்தையின் முட்டி டாஷ்போர்டுப் பெட்டியில் பட்டது. அம்மா என்றார். இரண்டு கையும் மேலே பிடியில் இருந்தன.

சலவை வேன் டிரைவர் இறங்கி வந்தார். மருத்துவமனை படுக்கை விரிப்புகளை ஏற்றிப் போகிறவர். தன் வண்டியைப் பார்த்தார், என் வண்டியைப் பார்த்தார். கீறல் இரண்டிலும் சின்னதுதான்.

"சார், பின்னாடி வர்றதுக்குன்னு தனியா ஒரு கியர் குடுத்திருக்கான். அதப் போட்டுட்டு வந்தீங்கன்னா லைட்டாவது எரியும், நாங்களும் ஒதுங்கிப்போம்."

"மன்னிச்சிருங்க."

"எனக்கென்ன, உள்ளார பூரா பெட்ஷீட்டு. அடிபடாது. அந்தம்மாவப் பாருங்க."

முட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. வீக்கம் மட்டும். பயிற்சி தரும் பெண் ஐஸ் வைத்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் பார்த்துவிட்டு முடித்துக்கொள்ளலாம் என்றாள். வண்டியை இழுத்துக்கொண்டு போனார்கள். நாங்கள் டாக்ஸியில் திரும்பினோம். டாக்ஸியிலும் அத்தை பிடியை விடவில்லை.

மறுநாளே மச்சான் வந்துவிட்டார். என் மனைவியின் அண்ணன். ரயிலில் ஓர் இரவுத் தூரத்தில் இருக்கிறார். சொந்தமாக லாரிகள் வைத்திருக்கிறார். அதற்கு முன்பு வெகுகாலம் தானே லாரி ஓட்டியவர். இப்போதும் நாற்காலியில் உட்கார்ந்தால் வலது கை எதையோ பிடித்திருப்பது போலத் தொடைமேல் நிற்கும்.

"வண்டியா இது?" என்றார். "பொம்ம. இடது காலுக்கு ரிட்டயர்மென்ட் குடுத்து வீட்டுல உக்கார வச்சிட்டானுங்க. ரெண்டு கால் இருக்கறவன் ஓட்டற வண்டியா மாப்ள இது?"

"உங்க தங்கச்சிக்குப் புடிச்சிருந்துச்சு மச்சான்."

"அவளுக்கு எதுதான் புடிக்கல." தொடைமேல் இருந்த கையைப் பார்த்தார். "அவ போனதுலேருந்து போன் அடிச்சாலே எடுக்கப் பயமா இருக்கு. நேத்து நீங்க கூப்பிட்டதும் அம்மாவும் போயிட்டாங்கன்னே நெனச்சேன்."

நேற்றே போனில் சொல்லிவிட்டார், அம்மாவை அழைத்துப் போகத்தான் வருகிறேன் என்று. நியாயம்தான். மகள் இல்லாத வீட்டில் மாமியார் எதற்கு? முட்டிக்காக இருந்தார். முட்டி முடியப் போகிறது. யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். நான் ஒரு முறை அந்த வீட்டைக் காலியாக நினைத்துப் பார்த்தேன். கூடத்தில் டிவி, அதை அணைக்க ஆள் கிடையாது. மேற்கொண்டு நினைக்கவில்லை.

பட்டறைக்கு இரண்டு பேரும் போனோம். பட்டறைக்காரர் ஒரு டம்ளரில் கியர் ஆயிலை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"நல்ல செவப்பா இருக்கணும் சார் இது. பாருங்க. டிகாஷன்."

"எதனால?" என்றார் மச்சான்.

"மேட்டுல ஆக்ஸிலேட்டர்லயே நிறுத்திருக்காங்க. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, தெனமும் இதே பொழப்பா பண்ணிருக்காங்க. நல்லவேளை, ஆயிலோட போச்சு. மாத்திக் குடுத்துடறேன். ஆனா இனிமே பிரேக்குன்னு ஒண்ணு இருக்கறத மறந்துடாதீங்க."

மச்சான் என்னைத் திரும்பிப் பார்த்தார். வண்டிக்காரன் இன்னொரு வண்டிக்காரனைப் பார்க்கும் பார்வை இல்லை அது.

வீட்டில் அத்தை நாற்காலியில் உட்கார்ந்து, பாதத்துக்கடியில் துண்டை வைத்து முன்னும் பின்னும் இழுத்துக்கொண்டிருந்தார். வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சி. மச்சான் உள்ளே நுழையும்போதே ஆரம்பித்துவிட்டார்.

"லிஃப்டு இஞ்சினியராம். ஊர்ல உள்ள ஜனத்தையெல்லாம் இவர நம்பித்தான் மாடி ஏத்தி எறக்கறாங்க. ஒரு வண்டிய மேட்டுல நிறுத்தத் தெரியல. எந்த மகராசன் மாப்ள உங்களுக்குச் சொல்லிக் குடுத்தான், ஆக்ஸிலேட்டர மிதிச்சுட்டு நிக்கச் சொல்லி?"

துண்டின் மேல் போய்வந்துகொண்டிருந்த அத்தையின் பாதம் நின்றது.

"யாரும் சொல்லல மச்சான். என் பழக்கம் அது."

"நல்ல பழக்கம். எங்க ஆளுங்க யாராச்சும் இப்படிப் பண்ணியிருந்தா சாவியப் புடுங்கிட்டு பஸ்ஸுக்கு அனுப்பியிருப்பேன்."

அத்தை என்னைப் பார்த்தார். நான் துண்டைப் பார்த்தேன். பாதம் மறுபடி நகர்ந்தது.

"ஞாயித்துக்கெழமை ரயிலுக்குப் போட்டாச்சும்மா" என்றார் மச்சான். "வெள்ளிக்கெழமையோட பயிற்சி முடியுது. கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு, கெளம்பறோம். அங்க வீட்டு வாசல்ல ஒரு படி கெடையாது. மேடே கெடையாது. தோசைக்கல்லு மாதிரி ஊரு."

அத்தை எழுந்து தன் அறைக்குப் போனார். மாலையில் அவர் அறையைத் தாண்டும்போது பார்த்தேன். பெட்டி கட்டில்மேல் திறந்திருந்தது. மகளின் சால்வையை மடித்து அடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமைக்கு வண்டி வந்துவிட்டது. மச்சான் சாவியை வாங்கிக்கொண்டார்.

"நான் ஓட்டறேன். பொம்மதான. பின்னாடி உக்காருங்க மாப்ள, வேடிக்கை பாருங்க."

சமதளத்தில் நன்றாகத்தான் ஓட்டினார். ஸ்டியரிங்கை லாரி போல இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு, எதிரே வருபவர்களையெல்லாம் பெயர் வைத்துத் திட்டிக்கொண்டு போனார். மேடு ஆரம்பித்தது. எஞ்சின் திணறும் சத்தம் கேட்டதும் லாரிக்காரரின் உடம்பு தானாக வேலை செய்தது. கியரைக் குறைக்க, இடது கால் கிளட்சைத் தேடிப் போய் ஓங்கி மிதித்தது.

இந்த வண்டியில் அந்த இடத்தில் இருப்பது பிரேக்.

வண்டி சுவரில் மோதியது போல நின்றது. என் நெற்றி முன் இருக்கையில் இடித்தது. பின்னால் கிரீச்சென்று டயர் தேயும் சத்தம், அதன்பின் நீளமான ஹாரன். கண்ணாடியில் பார்த்தேன். அதே சலவை வேன்.

டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "என்ன சார், குடும்பமே இப்படித்தானா?"

மச்சானுக்கு முகம் கறுத்துவிட்டது. "கிளட்ச்சுன்னு நெனச்சுட்டேன்."

"ரிட்டயர் ஆன காலு மச்சான்" என்றேன். "வேலைக்குக் கூப்பிட்டாத்தான் பிரச்சன."

யாரும் சிரிக்கவில்லை. முன்னால் வரிசை நின்றுகொண்டிருந்தது. அத்தை பிடியிலிருந்து ஒரு கையை எடுத்து மகனின் தோளில் தட்டினார்.

"எறங்கு. மாப்பிள்ளை ஓட்டட்டும்."

"அம்மா, இவரு ஓட்டித்தான..."

"எறங்குடா."

ஹேண்ட்பிரேக்கை இழுக்கச் சொன்னேன். இழுத்தார். லீவரை P-யில் போடச் சொன்னேன். போட்டார். இருவரும் இறங்கி இடம் மாறினோம். ஓட்டும் இருக்கையில் ஆள் இல்லாத அந்த நேரத்தில் வண்டி மேட்டில் தானாக நின்றது. ஒரு விரல்கூட நகரவில்லை. அத்தை மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தார்.

நான் உட்கார்ந்து பிரேக்கை மிதித்தேன். லீவரை D-க்குக் கொண்டுவந்தேன். ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டு, பிரேக்கிலேயே காலை வைத்திருந்தேன். எஞ்சின் முனகவில்லை. வண்டிக்குள் இவ்வளவு அமைதியை அந்த மேட்டில் நாங்கள் கேட்டதில்லை.

"பிரேக்கா?" என்றார் அத்தை.

"பிரேக்தான் அத்தை."

முன்வண்டி நகரவில்லை. அத்தை அதன் பின்பக்கத்தைப் பார்த்தபடியே, பின்னால் இருந்த மகனிடம் பேசினார்.

"மாப்பிள்ளையோட பழக்கம் இல்லடா அது. உன் தங்கச்சி பழக்கம். அவ அப்படித்தான் நிப்பா. நான்தான் இவர்கிட்ட சொன்னேன், அப்படியே பண்ணச் சொல்லி."

பிறகு என்னிடம் கேட்டார்.

"தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா மாப்பிள்ளை? அப்பவே தெரியுமா?"

"தெரியும் அத்தை."

"அப்புறம் எதுக்குப் பண்ணீங்க?"

யோசித்தேன்.

"நீங்க கைய எறக்கி மடியில வச்சுக்கிட்டீங்க."

முன்வண்டி நகர்ந்தது. ஹேண்ட்பிரேக்கை இழுத்து, ஆக்ஸிலேட்டரை மிதித்து, வண்டி இழுக்கிறது என்று தெரிந்ததும் ஹேண்ட்பிரேக்கை விட்டேன். பின்னால் இறங்கவில்லை. மச்சான் மூக்கை உறிஞ்சினார். ஜன்னலைத் திறந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்ற கேட்காரர் எங்களுக்குப் பொத்தானைக் காட்டினார்.

பயிற்சி அறையில் மூன்று கட்டில்களும் சுவர் முழுக்க ஒரு கண்ணாடியும் உண்டு. பயிற்சி தரும் பெண் அத்தையைப் படுக்க வைத்து முட்டியை மடக்கிப் பார்த்தாள், நீட்டிப் பார்த்தாள். அறையின் குறுக்கே நடக்கச் சொன்னாள். அத்தை கம்பு இல்லாமல் போய்த் திரும்பி வந்தார்.

"அருமை. இனிமே நீங்க வரவே வேணாம்மா. உங்களுக்கு விடுதலை."

"பாத்தீங்களா?" என்றார் மச்சான். "எல்லாம் கூடி வருது. ஞாயித்துக்கெழம..."

"இன்னொரு முட்டி இருக்குல்ல" என்றார் அத்தை.

அந்தப் பெண் நிமிர்ந்தாள். "எந்த முட்டிம்மா?"

"வலது. எல்லாருக்கும் ரெண்டுதான?"

"வலிக்குதா?"

"வலிக்குது."

"எப்பலேருந்தும்மா?" என்றார் மச்சான்.

"இப்பலேருந்து."

பயிற்சி தரும் பெண் வலது முட்டியை மடக்கினாள். அது நன்றாக மடங்கியது. எங்கள் மூவரையும் ஒரு முறை பார்த்தாள். என்ன புரிந்துகொண்டாள் என்று தெரியவில்லை.

"இந்த வயசுல தேய்மானம் இருக்கும்" என்றாள். "இப்பவே பலப்படுத்திக்கறது நல்லதுதான். அறுவை வேண்டியிருக்காது. அதே செவ்வாய், வெள்ளி?"

"அதே செவ்வாய், வெள்ளி."

தாழ்வாரத்தில் மச்சான் அவரை நிறுத்தினார். "அம்மா, வெளையாடறீங்களா? டிக்கெட்டு போட்டாச்சு."

"உனக்குப் போட்டிருக்கல்ல? போய்ட்டு வா. அடிக்கடி வா. உன் ஊர்ல மேடே இல்லன்னு சொன்னியே. முட்டி தேறணும்னா மேடு வேணும்."

"சரி, இந்த முட்டியும் தேறிடுச்சுன்னா?"

"அப்புறம் இடுப்பு இருக்கு."

மச்சான் என்னைப் பார்த்தார். என்னிடமிருந்து ஏதாவது வரும் என்று காத்திருந்தார். இருங்கள் அத்தை என்று நான் சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. தெரிந்தது. வாய் வரவில்லை. கையில் இருந்த சாவியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வண்டிய எடுத்துட்டு வர்றேன்" என்றேன்.

அத்தைக்கு அது போதுமாக இருந்தது. "வாசல் கிட்டயே கொண்டாங்க" என்றார்.

ஞாயிறு மச்சான் மட்டும் கிளம்பினார். நிலையத்தில் என் தோளில் கை வைத்து, "இடது கால மடிச்சு வச்சு ஓட்டணும், இல்ல? அடுத்த தடவ பாருங்க" என்றார். மாலையில் அத்தையின் அறையில் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. அவளுடைய சால்வை நாற்காலி முதுகில் கிடந்தது.

செவ்வாய்க்கிழமை. வரிசை வழக்கத்தைவிட நீளம். கடைசி வளைவுக்குக் கீழேயே நின்றுவிட்டோம். அங்கேதான் சரிவு அதிகம்.

"பிரேக்க நல்லா மிதிங்க மாப்பிள்ளை" என்றார் அத்தை. இதையும் அவர்தான் எனக்குச் சொல்லித் தந்தது போல.

"மிதிச்சிருக்கேன் அத்தை."

"ஹேண்ட்பிரேக்கு?"

"போட்டிருக்கேன்."

கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் சலவை வேன். வழக்கத்தைவிட நிறைய இடம் விட்டு நின்றிருந்தது.

அத்தையின் இரண்டு கையும் மேலே பிடியில் இருந்தன. விரல் முட்டிகள் வெளுத்திருந்தன. கையை இறக்குவார் என்று எதிர்பார்த்தேன். இறக்கவில்லை. அவருக்குப் பயம் போகவில்லை. வண்டி சரியாக நின்றுகொண்டிருந்தது. பயந்தபடியே உட்கார்ந்து, அவளுடைய ஸ்கூட்டர் கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.